கரிக்கும் நம்மைக் கேட்கவில்லை, காற்றுக்கும் கேட்கவில்லை

(எர்ணாவூரில் நடைபெற்ற பகுதி மக்கள் கூட்டத்தில் நமது முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைய கூட்டத்தின் பொருள் காற்றாலை. நோட்டீசைப் பார்த்துவிட்டுச் சில நண்பர்கள் கேட்டார்கள்: "எண்ணூரில் காற்றாலை ஏது? நம் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் புகைபோக்கிகள்தானே? தெற்கே இருக்கிற காற்றாடியைப் பற்றி இங்கே கூட்டம் எதற்கு?" நியாயமான கேள்வி. இந்தக் கூட்டம் ஏன் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

இரண்டு வாரங்களுக்கு முன் நமது கிளைக் கூட்டம் நடந்தது. ராமநாதபுரம், தூத்துக்குடி, கன்யாகுமரி ஜில்லாக்களின் மீனவ ஜனங்கள், கடலுக்குள் காற்றாலை அமைக்கும் திட்டத்தைப் பற்றிக் கவலை தெரிவித்து வருகிறார்கள் அல்லவா? அவர்களுக்கு ஆதரவாக ஒரு தீர்மானம் போட வேண்டும் என்று ஓர் இளம் தோழர் சொன்னார். "காற்றாலைத் திட்டங்கள் அனைத்தையும் கைவிடு!" என்று தீர்மானத்தை எழுதியே கொண்டு வந்திருந்தார்.

உடனே நெட்டுக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் எழுந்தார். "இன்னா தோழரே, கரியில புகை வருது, சாம்பல் வருது, வேணாம்னு இத்தினி வருசமா கத்திக்கினு இருக்கோம். காத்துல புகையும் வராது, சாம்பலும் வராது. அதையும் வேணாம்னு சொன்னா, கரியே இருந்துட்டுப் போவட்டும்னுதானே ஆவும்?" என்றார்.

அவர் உட்காருவதற்குள் இன்னொருவர் எழுந்தார். அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் பதினான்கு வருஷமாக வேலை செய்கிறவர். "கரியை மூடு, மூடுன்னு சுலபமா சொல்லிட்டீங்க. மூடினா நான் எங்க போறது? காத்தாடியில எத்தனை பேருக்கு வேலை இருக்கு? அதைச் சொல்லுங்க தோழர்" என்றார். பேச்சு தடித்தது. ஒரே தெருவில் குடியிருக்கும் இருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். தீர்மானம் நிறைவேறவில்லை.

தோழர்களே! மூன்று பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் கஷ்டம். தெற்கத்தி மீனவனுக்குக் கடல் வேண்டும். வடசென்னை மீனவனுக்குச் சாம்பல் இல்லாத ஆறு வேண்டும். தொழிலாளிக்கு வேலை வேண்டும். இந்த மூன்று நியாயங்களும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டால் லாபம் யாருக்கு? நமக்கு இல்லை என்பது மட்டும் நிச்சயம். ஆகவே இந்தப் பிரச்னையை நிதானமாக, ஆதியிலிருந்து பார்ப்போம்.

நமது அனுபவம் என்ன?

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கியது. 450 மெகாவாட் சக்தி கொண்டதாக வளர்ந்தது. 2017 மார்ச் 31-ம் தேதி மூடப்பட்டது. அதற்குள் ஆற்றுக்கு வடக்கே வேறு நிலையங்கள் எழுந்துவிட்டன. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டம் 630 மெகாவாட், இரண்டாம் கட்டம் 1,200, வல்லூர் 1,500, 2024 மார்ச்சில் துவக்கி வைக்கப்பட்ட மூன்றாம் கட்டம் 800. கூட்டிப் பாருங்கள்: 4,130 மெகாவாட்! ஒடிசாவில் வெட்டிய கரி கப்பலேறி வந்து, 2001-ல் திறக்கப்பட்ட எண்ணூர் துறைமுகத்தில் இறங்குகிறது. அதுதான் இன்றைய காமராஜர் துறைமுகம்.

மின்சாரம் வேண்டாம் என்று நாம் எந்நாளும் சொன்னதில்லை. விளக்கு இல்லாத வீட்டில் படித்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். சர்க்கார் துறையில் மின் உற்பத்தி நடக்க வேண்டும் என்பதும் நமது கோரிக்கைதான். ஆலை வந்தபோது வேலை வரும் என்று மகிழ்ந்தோம். ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்கவில்லை. எரித்த கரியின் சாம்பல் எங்கே போகும்? இந்தக் கேள்வியை ஆற்றில் வலை வீசியவர் கேட்டார். அவர் குரல் நம் காதில் விழ வெகுநாளாயிற்று. இதை ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை. ஒப்புக்கொள்ளாமல் இருந்தால்தான் வெட்கம்.

சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குத் தள்ளினார்கள். குழாய் துருப்பிடித்தது, வெடித்தது, ஒட்டுப் போட்டார்கள், மறுபடி வெடித்தது. கொசஸ்தலையாற்றில் சாம்பல் படிந்தது. ஆள் ஆழத்துக்கு இருந்த இடம் முழங்கால் ஆழமாயிற்று. இறால் போயிற்று. கூடையோடு ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்துக் குடும்பம் நடத்திய பெண்கள் கையில் இன்று சாம்பல்தான் தட்டுப்படுகிறது. 2022 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வே இந்தக் கேட்டுக்கு மின் கழகத்தைப் பொறுப்பாளி ஆக்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தில் கலந்தது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில், உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். நீங்களே பார்த்தவர்கள், நாம் விவரிக்க வேண்டியதில்லை.

இன்னும் பின்னால் போவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரன் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லணை போட்டான். அதன் பலன் என்ன? தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை கரையைக் கடல் தின்றது. வீடு போன குப்பங்கள் எத்தனை! வலை உலர்த்த இடமில்லாமல் இன்றைக்கும் கருங்கல் மேட்டின் மீதல்லவா வலை உலர்த்துகிறோம்? தெற்கே ஜனங்கள் காற்று வாங்குகிறார்கள். வடக்கே நாம் கல் வாங்கினோம்.

இந்த அனுபவத்தின் சாரம் என்ன? லாபம் ஓரிடத்துக்கும் நஷ்டம் இன்னோரிடத்துக்கும் போயிற்று. நஷ்டம் வரப்போகும் இடத்து ஜனங்களிடம் யாரும் வாய் திறந்து கேட்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு தெற்கே போவோம்.

காற்றாலை எப்படி வந்தது?

நமது மாநிலத்தில் 1986-ல் தூத்துக்குடி அருகே மாதிரிக் காற்றாலைகள் நிறுத்தப்பட்டன. சோதனைக்காக வைத்த சின்ன எந்திரங்கள் அவை. மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளிவிடும் இடங்களில் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வேகமெடுக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், பாலக்காட்டுக் கணவாய் ஆகியவை அப்படிப்பட்ட இடங்கள். 1990-களில் முப்பந்தல், ஆரல்வாய்மொழி சுற்றுவட்டாரம் முழுவதும் காற்றாடிகள் முளைத்தன. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. வெகுகாலம் இந்தியாவில் நாம்தான் முதலிடம்.

கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் இவை யாருக்குச் சொந்தம்? நமது மின்வாரியம் தன் சொந்தத்தில் வைத்திருந்தது ஏறத்தாழ 17 மெகாவாட்! பத்தாயிரத்தில் பதினேழு! மீதியெல்லாம் பஞ்சாலை முதலாளிகள், சிமெண்ட் முதலாளிகள், பெரிய கம்பெனிகள் கையில். இது எப்படி நடந்தது? காற்றாலையில் போட்ட பணத்தை, எந்திரத் தேய்மானம் என்று சொல்லி, முதல் ஆண்டிலேயே முழுக்க வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று 1990-களில் மத்திய சர்க்கார் வரிச்சலுகை கொடுத்தது. பிறகு அது 80 சதவீதமாக இருந்தது. 2017 முதல் 40 சதவீதம். காற்றாடி சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் வரி மிச்சம்! காற்று மாதங்களில் மின்சாரத்தை வாரியத்தின் கம்பியில் விட்டுவிட்டு, காற்று இல்லாத மாதங்களில் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. இதற்கு 'பாங்கிங்' என்று பெயர். வைகாசி முதல் புரட்டாசி வரை காற்று பலமாக அடிக்கிறது. அப்போது மின்சாரம் மிதமிஞ்சி வருகிறது. மற்றக் காலத்தில் பற்றாக்குறை. பற்றாக்குறைக் காலத்தின் சுமையை வாரியம் சுமக்கிறது. வாரியத்தின் சுமை என்றால் நமது மின் கட்டணம் என்று அர்த்தம்.

கிராமத்து ஜனங்கள் என்ன சொல்கிறார்கள்?

தெற்கத்தி மானாவாரி கிராமங்களில் எழும் குரல்களைக் கவனியுங்கள். தரகர் வந்தார். எதற்கு என்று சொல்லாமல் கரிசல் நிலத்தைக் கிரயம் பேசினார். மழை பொய்த்த வருஷம்; கடன் கழுத்தை நெரித்தது; விற்றோம். பிறகுதான் தெரிந்தது காற்றாடிக்கு என்று. ஆடு ஓட்டிப் போன பாதையில் வேலி. ஓடைக்கு மேல் கனரக லாரிக்கு மண் சாலை. கண்மாய்க்குப் போக வேண்டிய தண்ணீர் தடைப்படுகிறது. வேலை தருவோம் என்றார்கள். காற்றாடி நிறுத்தும்வரை மண் சுமக்கும் வேலை இருந்தது; அதற்குப் பிறகு இரவுக் காவல் வேலைதான், அதுவும் ஒப்பந்தக்காரரிடம்.

காற்றாடி போனாலும் கம்பி போகாது. உயர் அழுத்த மின்கோபுரங்கள் பயிர் நிலத்தின் நடுவே போகின்றன. கோபுரத்துக்கு நிலத்தை எடுக்க 1885-ம் ஆண்டின் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தைப் பயன்படுத்துகிறார்கள். விக்டோரியா ராணி காலத்துச் சட்டம்! 2018 டிசம்பரில் மேற்கு ஜில்லாக்களின் விவசாயிகள் இந்தக் கோபுரங்களை எதிர்த்துப் பெரும் கிளர்ச்சி நடத்தினார்கள். "எங்கள் நிலத்தில் போகும் கம்பிக்கு எங்களுக்கு வாடகை கிடையாதா?" என்பது அவர்கள் கேள்வி. அதில் என்ன தவறு?

சூரிய ஒளி மின்சாரத்திலும் இதே கதைதான். 2016-ல் ராமநாதபுரம் ஜில்லா கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் நிலையம் திறக்கப்பட்டது. ஒரே இடத்தில் அமைந்தவற்றில் அன்று உலகத்திலேயே மிகப் பெரியது என்றார்கள். அதன் சொந்தக்காரர் அதானி கம்பெனி.

வேறொரு பேச்சும் உண்டு. காற்றாடி மேகத்தைத் துரத்திவிடும், மழை பெய்யாது என்பார்கள். மகாராஷ்டிரத்தின் சாங்லி, சாத்தாரா ஜில்லாக்களில் இதை நம்பி ஜனங்கள் கிளர்ந்தார்கள். இதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்பதை நாம் மறைக்கக் கூடாது. ஜனங்களிடம் உண்மையைச் சொல்லுவதுதான் நமது கடமை. ஆனால் நகரத்துப் படிப்பாளிகள் செய்வதுபோல் அதைக் கேட்டுச் சிரிக்கவும் கூடாது. தன் ஊரில் என்ன கட்டுகிறார்கள், எதற்குக் கட்டுகிறார்கள் என்று ஒருவரும் சொல்லாதபோது, ஏமாற்றப்பட்டவன் எதைத்தான் நம்ப மாட்டான்?

இப்போது ஒரு முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். அனல்மின் நிலையம் கட்ட வேண்டுமானால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். ஜனங்களிடம் பொது விசாரணை நடத்த வேண்டும். அந்த விசாரணை எந்த லட்சணத்தில் நடக்கிறது என்பது நமக்குத் தெரியும். பந்தலுக்குள் நம்மைவிடப் போலீஸ்காரர்கள் அதிகம். ஆனாலும் மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை பேசலாம், அது பதிவாகும். 2024 டிசம்பரில் எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்கான விசாரணையில் இந்த வட்டாரத்து ஜனங்கள் அப்படித்தான் பேசினார்கள். காற்றாலைக்கும் சூரிய ஒளி நிலையத்துக்கும் அதுகூடக் கிடையாது! 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் இவை சேர்க்கப்படவில்லை. 'சுத்தமான மின்சாரம்' என்ற பெயரே, ஜனங்களைக் கேட்காமல் இருப்பதற்கு அனுமதிச் சீட்டு ஆகிவிட்டது. புகை வராது என்பது உண்மை. புகை வராவிட்டால் ஜனங்களைக் கேட்க வேண்டாம் என்று எவன் சொன்னான்?

கடலுக்கும் ஏலம்

நிலத்தில் காற்றாலை வந்த விதம் இது. இனி கடல். கடல் காற்றாலைக் கொள்கையை மத்திய சர்க்கார் 2015-ல் வகுத்தது. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டுக் கரைக்கு அப்பால், மன்னார் வளைகுடாப் பகுதியில், 4,000 மெகாவாட்டுக்கான கடற்பரப்பைக் குத்தகைக்கு விட டெண்டர் கோரினார்கள். அதே ஆண்டு ஜூனில், குஜராத்தில் 500, தமிழ்நாட்டில் 500 மெகாவாட் கடல் காற்றாலைக்காகவும், துறைமுக வசதிக்காகவும் 7,453 கோடி ரூபாய் உதவித்தொகையை மத்திய மந்திரி சபை அங்கீகரித்தது. ஜனங்களின் பணம்! 2025-ல் அந்த 4,000 மெகாவாட் டெண்டர் ரத்தாகிவிட்டது. மீனவன் சொன்னதைக் கேட்டு ரத்து செய்யவில்லை. ஏலம் கேட்கக் கம்பெனிகள் போதிய அளவில் முன்வரவில்லை. லாபம் நிச்சயம் என்று கணக்குப் பார்த்துவிட்டால் நாளைக்கே திரும்பி வருவார்கள்.

மீனவன் என்ன கேட்கிறான்? தூணைச் சுற்றி எவ்வளவு தூரத்துக்கு வலை போடக் கூடாது? கடலடி மின்கம்பியில் வலை மாட்டினால் நஷ்டம் யாருக்கு? தூண் அடிக்கும் காலத்தில் மீன் விலகிப் போனால் அந்த மாதங்களில் அடுப்பு எரிவது எப்படி? பட்டா இல்லாத கடலில் பரம்பரையாக நமக்கு இருக்கும் உரிமை என்ன ஆகும்? சாதாரணக் கேள்விகள். இவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும். ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுவோம்: காற்றாடித் தூண் என்பது துறைமுகக் கல்லணை அல்ல, கல்லணை செய்ததையே இதுவும் செய்யும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கடலில் ஒன்றை நட்டால் அதன் விளைவு வேறொரு கரையில் தெரியும் என்பதை ராயபுரத்துக்காரனுக்குப் பாடப் புத்தகம் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. வாடை, கச்சான், தென்னல் என்று காற்றுக்கு ஒவ்வொரு பேர் வைத்து அறிந்தவன் அவன். காற்றைப் பற்றிய திட்டத்தில் அவனைக் கேட்காமல் யாரைக் கேட்பது?

மன்னார் காட்டும் பாடம்

ராமேஸ்வரத்துக்கு எதிரே, கடலுக்கு அப்பால் இலங்கையின் மன்னார் தீவு. அங்கே நம்மைப் போன்ற தமிழ் மீனவ ஜனங்கள். தீவின் தென்கரையில் 30 காற்றாடிகள் கொண்ட, ஏறத்தாழ 100 மெகாவாட் நிலையத்தை இலங்கை மின்சார சபை 2020 டிசம்பரில் திறந்தது. பிறகு மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவாட்டுக்கு அதானி கம்பெனி வந்தது. விலைப் பேச்சில் தகராறு ஏற்பட்டு 2025 பிப்ரவரியில் விலகியது. வேறு கம்பெனிகள் காற்றாடி நிறுத்த வந்தபோது, 2025 ஆகஸ்டில் ஜனங்கள் வீதியில் இறங்கினார்கள். தாழ்ந்த தீவு அது. காற்றாடிக்குச் சாலை போட்டதில் மழைநீர் வடியும் வழி அடைபட்டு வீட்டுக்குள் வெள்ளம் வருகிறது, கரையோர மீன் குறைந்துவிட்டது, கனிம மணலையும் அள்ளப் போகிறார்கள் என்பது அவர்கள் முறையீடு. கடல் கடந்து வரும் பறவைகள் தங்கும் இடமும் அதுவே.

இடதுசாரிகள் என்று சொல்லிக்கொண்டு ஆட்சிக்கு வந்தவர்கள் அங்கே சர்க்கார் நடத்துகிறார்கள். ஒரு மாதம் வேலையை நிறுத்தி வைத்துப் பேசினார்கள், அது நல்லது. பிறகு செப்டம்பர் இறுதியில் ஓர் இரவில் போலீஸ் காவலோடு காற்றாடிச் சாமான்களை உள்ளே கொண்டுபோனார்கள். வழிமறித்த ஜனங்கள் மீது பலப்பிரயோகம் நடந்தது. தோழர்களே, இதை நாம் கண்டும் காணாமல் போகக் கூடாது. கொடி சிவப்பாக இருந்தாலும், காற்றாடி பச்சை என்று பேர் வாங்கியிருந்தாலும், ஜனங்களைக் கேட்காமல் இரவில் வருகிறவன் இரவில் வருகிறவன்தான்.

வேறு வழி உண்டா?

உண்டு. டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகன் ஒரு துறைமுகப் பட்டணம். துறைமுகச் சேற்றைக் கொண்டுபோய்க் கொட்டிய ஆழமற்ற கடல் மேடு ஒன்று அதற்கு எதிரே இருந்தது. அங்கே காற்றாலை வைக்கலாம் என்று யோசனை வந்தது. மூன்று வரிசையாக 27 காற்றாடி என்பது முதல் திட்டம். பட்டணத்து ஜனங்கள் ஆட்சேபித்தார்கள். திட்டத்தையே மாற்றினார்கள். ஒரே வளைவாக 20 காற்றாடிகள், 40 மெகாவாட். 2000-ம் ஆண்டு இறுதியில் எழுந்தன. சொந்தக்காரர் யார்? பாதி, நகரத்தின் மின் நிறுவனம். மறுபாதி, எட்டாயிரத்துக்கு மேற்பட்ட சாதாரண ஜனங்கள் சேர்ந்த கூட்டுறவுச் சங்கம்!

அது முதலாளித்துவ நாடுதான். அங்கே சொர்க்கம் இறங்கிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கேட்டுச் செய்ய முடியும், திட்டத்தை மாற்ற முடியும், ஜனங்கள் சொந்தக்காரர் ஆக முடியும் என்பதற்கு அது அத்தாட்சி. பால் சங்கம் நடத்தத் தெரிந்த நமது ஜனங்களுக்குக் காற்றாடிச் சங்கம் நடத்தத் தெரியாதா?

கரிக்கு வக்காலத்து வேண்டாம்

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஆகவே காற்றாலையே வேண்டாம்" என்று முடிவு கட்டினால் அது பெரும் தவறு. நெட்டுக்குப்பத்துப் பெரியவர் சொன்னதுதான் சரி. தெற்கே ஒவ்வொரு காற்றாடி நிற்கும்போதும் இங்கே ஒரு குவியல் கரி மிச்சமாக வேண்டும். 2030-க்குள் 5 லட்சம் மெகாவாட் கரியற்ற மின்திறன் என்று பிரதமர் 2021-ல் கிளாஸ்கோ மகாநாட்டில் அறிவித்தார். 2025-ல் நாட்டின் மொத்த மின்திறனில் பாதி கரி அல்லாதது என்று சர்க்கார் கொண்டாடியது. ஆனால் திறன் வேறு, உற்பத்தி வேறு. நாம் எரிக்கும் யூனிட்டுகளில் ஏறத்தாழ எழுபது சதவீதம் இன்னும் கரியிலிருந்துதான் வருகிறது. ஆகவேதான் இங்கே புகைபோக்கி குறையவில்லை.

காற்று எப்போதும் அடிக்காதே, என்ன செய்வது என்று கேட்பார்கள். மிச்சமாகும் மின்சாரத்தைச் சேர்த்து வைக்க வேண்டும். புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆனைமலையில் கடம்பாறை நிலையம் 1980-களிலிருந்து இருக்கிறது, 400 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும்போது கீழணைத் தண்ணீரை மேலணைக்கு ஏற்றுகிறார்கள். தேவைப்படும்போது திறந்துவிட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இதே வேலை வெகுநாளாக இழுத்துக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட வேலைகளைச் சர்க்கார் துரிதமாக முடித்தால் காற்று மாத மின்சாரம் வீணாகாது. அதையும் அந்தந்த இடத்து ஜனங்களைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்பதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

தொழிலாளி எங்கே போவது?

கடைசியாக, நமது ஒப்பந்தத் தொழிலாளித் தோழரின் கேள்வி. இதற்கு மழுப்பல் பதில் கூடாது. காற்றாடியை ஓட்டப் பெரும் ஆள்பலம் தேவையில்லை. அவர் சொன்னது உண்மை. தெற்கே காற்றாடி நிற்பதால் எர்ணாவூரில் ஒருவருக்கும் தானாக வேலை வந்துவிடாது. 2017-ல் பழைய நிலையத்தை மூடியபோது, நிரந்தரத் தொழிலாளியை வேறு நிலையத்துக்கு மாற்ற வழி இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளியை எந்தக் கணக்கில் வைப்பது? பத்து வருஷம் வேலை செய்தவன் பேர்கூட எந்த ரிஜிஸ்தரில் என்று தேட வேண்டியிருக்கிறது.

ஆகவே மூடுவதற்கு முன்னால் ஜாபிதா வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர், கரி இறக்குவோர், லாரி ஓட்டுவோர், கான்டீன் பெண்கள் அத்தனை பேரும் அதில் வர வேண்டும். வேலையும் இங்கேயே இருக்கிறது. ஆற்றில் ஐம்பது வருஷச் சாம்பல் கிடக்கிறது. அதை அள்ள வேண்டும். சாம்பல் குளத்தை மூட வேண்டும். அலையாத்தி நட வேண்டும். துணைமின் நிலையங்கள், மின்சாரத்தைச் சேமிக்கும் பாட்டரி நிலையங்கள் எங்கேயாவது அமையத்தானே வேண்டும்? மின்கம்பி ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும் பழைய அனல்மின் நிலைய நிலத்தில் அமையட்டும். கெடுத்த ஆற்றைச் சுத்தம் செய்யும் வேலையை, அதே தொழிலாளிக்கும் அதே மீனவனுக்கும் முதலில் கொடுக்கட்டும். அப்போது இந்த இருவரும் ஒரே மஸ்டர் ரோலில் கையெழுத்துப் போடுவார்கள்.

நமது தீர்மானம்

இந்த விவாதத்துக்குப் பின் பழைய தீர்மானத்தைத் திருத்தி இங்கே வைக்கிறோம். காற்றாலையைக் கைவிடு என்று இது சொல்லவில்லை. இதன் கோரிக்கைகள் ஐந்து:

ஒன்று: காற்றாலை, சூரிய ஒளி நிலையம், மின்கோபுரம் எதுவானாலும், கிராம சபையிலும் மீனவ ஊர்ப் பஞ்சாயத்திலும் தமிழில் விவரம் வைத்து, பொது விசாரணை நடத்தியே அமைக்க வேண்டும்.

இரண்டு: கடற்பரப்பைக் குத்தகைக்கு விடுமுன், மீன்பிடி இடங்களையும் பருவங்களையும் மீனவர்களோடு சேர்ந்து வரைபடமாக்க வேண்டும். நஷ்டஈடு விதிகளை முன்கூட்டியே எழுதி அறிவிக்க வேண்டும்.

மூன்று: 2024-ல் துவங்கிய தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம், தனியாரிடம் வாங்கி விற்கும் தரகராக இல்லாமல், சொந்தக் காற்றாலைகளை நிறுவ வேண்டும். ஆயுள் முடிந்த பழைய காற்றாடிகளை மாற்றும் இடங்களில் உள்ளூர் கூட்டுறவுகளுக்குப் பங்கு தர வேண்டும்.

நான்கு: எண்ணூர் வட்டாரத்தில் புதிய கரி நிலையம் கூடாது. இருப்பவற்றை மூடுவதற்குக் காலவரிசை வேண்டும். சாம்பல் அகற்றும் வேலை உடனே தொடங்க வேண்டும்.

ஐந்து: மூடுவதற்கு முன், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட அனைவரின் ஜாபிதாவும் மாற்று வேலை உத்தரவும் வேண்டும்.

இந்தத் தீர்மானத்தின் பிரதியைத் தெற்கத்தி மீனவ ஊர்களுக்கும் அனுப்புவோம். வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, கலெக்டரிடம் மகஜராகக் கொடுப்போம். நெட்டுக்குப்பத்துப் பெரியவரும் ஒப்பந்தத் தொழிலாளித் தோழரும் ஒரே நோட்டை எடுத்துக்கொண்டு சேர்ந்து தெருத்தெருவாகப் போக வேண்டும் என்பது நமது வேண்டுகோள். இருவரும் இன்று முன்வரிசையில்தான் இருக்கிறார்கள்.

தோழர்களே! மீனவக் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர்தான் 1923 மே 1-ம் தேதி இந்தச் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தை நடத்தினார். வலை பிடித்த கையும் சம்மட்டி பிடித்த கையும் இந்த ஊரில் ஒரே குடும்பத்துக் கைகள். கரிக்கு நம்மைக் கேட்கவில்லை. நாமும் வெகுகாலம் சேர்ந்து கேட்கவில்லை. காற்றுக்காவது சேர்ந்து கேட்போம்.